‘பில்’ என்றால் மாத்திரையா, ரசீதா?

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். எனக்கு 38 வயசு. வீரவநல்லூர் பக்கம். பத்தாவது முடித்ததும் பீடி முறத்தை மடியில் வைத்தவள், இருபது வருஷம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்தபிறகு இப்போதுதான் பாளையங்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மற்றதெல்லாம் பிடிபடுகிறது. இங்கிலீஷ் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம், ஆனால் வார்டில் டாக்டர் ஒன்று கேட்டால் உதடு ஒட்டிக்கொள்கிறது. வகுப்பில் இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்று சட்டம். அதனால் யாருமே பேசுவதில்லை. வீட்டில் நான் முட்டைக்கு இங்கிலீஷ் சொன்னால், ‘யெக்காம்ல, யெக்கு!’ என்று மகள் சிரிக்கிறாள். எங்க மைனி அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் இதே மாதிரி ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் படித்து, ஒரே வருஷத்தில் கடைகண்ணிக்குத் தானே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். வயசானபிறகு எனக்கு ஏறாதோ? இதை விட்டுவிட்டு, ஜங்ஷனில் 6,000 ரூபாய்க்கு ‘முப்பது நாளில் இங்கிலீஷ்’ நடத்துகிறார்களே, அங்கே சேரலாமா?

பதில்:

படிப்பை விடாதீங்க தாயி. அந்த 6,000 ரூபாய் பையிலேயே இருக்கட்டும். அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் முட்டை.

எட்டு, எலி, எருமை என்று யோசிக்காமல் சொல்லிப் பாருங்கள். யெட்டு, யெலி, யெருமை என்றுதான் வரும். சொல் ‘எ’யில் தொடங்கினால் முன்னால் மெல்லிசாக ஒரு ‘ய்’ ஒட்டிக்கொள்ளும். ‘ஒ’வில் தொடங்கினால் ஒரு ‘வ்’ ஒட்டும்: வொண்ணு, வோடு. இது தமிழ் வாயின் பழக்கம். தமிழில் நாம் யாரும் இதைக் கவனிப்பதுகூட இல்லை. அதே வாயோடு இங்கிலீஷுக்குப் போகும்போது ‘எக்’ ‘யெக்’ ஆகிறது, ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆகிறது. உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள், உங்களுக்குத் திருத்த ஆளில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். திருத்த ஒரு சின்ன வழி உண்டு. தனியாக ‘எக்’ சொல்லாதீர்கள், முன்னால் ‘அன்’ சேர்த்து ஒரே மூச்சில் ‘அனெக்’ என்று சொல்லுங்கள். ‘ன்’ வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் ‘ய்’ நுழைய வழியில்லை. பத்து நாள் இப்படிச் சொன்னால், பிறகு ‘அன்’ இல்லாமலும் சரியாக வரும்.

ஆனால் இதைத் திருத்தாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. ‘யெக்’ என்றாலும் முட்டைதான் வரும். நெல்லை வாடை இங்கிலீஷில் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். கேரளாக்காரர் இங்கிலீஷில் கேரளா அடிக்கிறது, பஞ்சாபி இங்கிலீஷில் பஞ்சாப் அடிக்கிறது. பொருள் மாறிப்போகும் இடங்கள் சில உண்டு. உங்கள் வேலையில் அதில் உயிரே இருக்கிறது. அவற்றை மட்டும் விடாப்பிடியாகத் திருத்துங்கள்.

ஒன்று, ‘பில்’. தமிழில் ‘ப’ ஒரே எழுத்து. ‘பல்’ என்பதில் ஒரு ஒலி, ‘அம்பு’ என்பதில் வேறொரு ஒலி. இடத்தைப் பார்த்து நம் வாயே மாற்றிக்கொள்கிறது. இங்கிலீஷில் அவை இரண்டு தனி எழுத்து. மாத்திரைக்கு ஒரு ‘பில்’, ஆஸ்பத்திரி ரசீதுக்கு ஒரு ‘பில்’. மாத்திரை ‘பில்’லில் உதடு திறக்கும்போது காற்று புஸ்ஸென்று வெளியே வரும். ரசீது ‘பில்’லில் அந்தக் காற்று கிடையாது, தொண்டை அதிரும். நம் ‘பல்’லிலும் காற்று கிடையாது, அதனால்தான் வெளியூர்க்காரர் காதில் நாம் சொல்லும் மாத்திரை ரசீதாக விழுகிறது. மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைக்குத் தாள் ஆடவேண்டும், ரசீதுக்கு ஆடக்கூடாது. ‘பேஷன்ட்’, ‘பெயின்’, ‘பல்ஸ்’ எல்லாவற்றுக்கும் தாள் ஆடணும். ‘பெட்’, ‘பேபி’, ‘ப்ளட்’ எதற்கும் ஆடக்கூடாது. ஒரு வாரம் பழகினால் போதும்.

இரண்டாவது இதைவிட முக்கியம்: பதினைந்தும் ஐம்பதும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’. பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசி ‘ன்’னை நாம் முழுசாகச் சொல்வதில்லை. ‘வந்தேன்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள், கடைசி ‘ன்’ மூக்குக்குள் கரைந்துபோகும். ‘ஃபிஃப்டீன்’ சொல்லும்போதும் அதுவே நடக்கிறது. கேட்கிறவர் காதில் ஐம்பது விழுகிறது. பதினைந்து மில்லி மருந்தும் ஐம்பது மில்லி மருந்தும் ஒன்றா? பதினைந்தில் பின்பாதியை அழுத்தி ‘டீன்’ என்று நீட்டுங்கள், நாக்கு மேலண்ணத்தில் போய் முட்டட்டும். ஐம்பதில் முன்பாதியை அழுத்திவிட்டு ‘டி’யை டக்கென்று விட்டுவிடுங்கள். பதிமூன்று-முப்பது, பதினாறு-அறுபது என்று எல்லா ஜோடிக்கும் இதே கதைதான். எவ்வளவு பழகினாலும் மருந்து அளவு என்று வந்தால் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். நன்றாக இங்கிலீஷ் பேசும் நர்ஸுகளும் செய்வதுதான் இது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘ஹைப்போ’வையும் ‘ஹைப்பரை’யும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைவு, இன்னொன்று கூடுதல். கடைசி ‘ர்’ரை விழுங்கினால் ரத்த அழுத்தம் தலைகீழாகிவிடும்.

இனி உதடு ஒட்டிக்கொள்ளும் விஷயம். பன்னிரண்டு டென்ஸ் தெரிந்தும் ஏன் வரவில்லை என்றால், பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. வார்டில் ஒரு நாளில் நீங்கள் சொல்லும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் காய்ச்சல். அவருக்கு வலிக்குது. அவருக்குத் தண்ணி வேணும். அவருக்கு ஒண்ணும் தெரியலை. எல்லாமே ‘-க்கு’. தமிழில் காய்ச்சலும் வலியும் தாமாக வந்து மனுஷனை அடைகின்றன. அதனால் ஆளை ‘அவருக்கு’ என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். இங்கிலீஷ் அப்படி விடாது. படுத்துக் கிடக்கிற ஆளையே எழுப்பி வாக்கியத்தின் முன்னால் நிறுத்தும். ‘ஹி ஹேஸ் ஃபீவர்.’ ‘ஹி இஸ் இன் பெயின்.’ ‘ஹி வான்ட்ஸ் வாட்டர்.’ ‘ஹி டஸ்ன்ட் நோ.’ இந்த நான்கையும் தமிழோடு சேர்த்து நோட்டில் எழுதி, ‘அவருக்கு’ எங்கெல்லாம் ‘ஹி’யாக எழுந்து நிற்கிறது என்று பாருங்கள். வார்டுப் பேச்சில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

‘அவருக்குக் காய்ச்சல்’ என்பதில் வினைச்சொல்லே இல்லை, கவனித்தீர்களா? ‘இவர் டாக்டர்’ என்பதிலும் இல்லை. தமிழுக்கு அது தேவைப்படுவதில்லை. அதனால்தான் நம் ஆட்கள் ‘மை பிரதர் டீச்சர்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று: நமக்கு வினை கடைசியில் வரும். ‘மூணாம் நம்பர் பெட்டுல இருக்கிற தாத்தா ராத்திரி பூரா சாப்பிடாம…’ என்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். இங்கிலீஷில் ஆள் வந்தவுடனே வினை வந்து நிற்கவேண்டும். நீங்கள் முழு வாக்கியத்தையும் தமிழில் கோத்து, கடைசி வினைக்குக் காத்திருந்து, பிறகு மாற்றப் பார்க்கிறீர்கள். அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். ஆளைச் சொல்லுங்கள், உடனே வினையைச் சொல்லுங்கள், மற்றது தானாகத் தொடரும். ‘ஹி டிட் நாட் ஈட்.’ பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ‘லாஸ்ட் நைட்.’ அதற்குப் பிறகு ‘பெட் நம்பர் த்ரீ.’ துண்டு துண்டாக வந்தாலும் டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இன்னொரு தடையைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, ஆனால் நம் பக்கத்துப் பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘டாக்டர் வந்தாவ, சொன்னாவ’ என்று பேசிப் பழகின வாய்க்கு, பெரியவர் ஒருவரை ‘ஹி’ என்றும், நேரே நின்று ‘யூ’ என்றும் சொல்லக் கூசும். அவன் என்பதுபோல, நீ என்பதுபோல இருக்கும். அந்தக் கூச்சத்திலேயே பேச்சு நின்றுவிடும். ‘ஹி’யில் மரியாதைக் குறைவு கிடையாது. இங்கிலீஷ் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறது: ‘சார்’, ‘மேடம்’, ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’ (could you). ‘குட் யூ சைன் திஸ், சார்?’ என்றால் ‘கையெழுத்துப் போட்டுத் தாங்களேன்’ என்பதற்குச் சமம்.

மைனி விஷயத்துக்கு வருவோம். அங்கே சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, எந்தப் படியில் உட்காரவேண்டும் என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மெக்சிகோக்காரராக இருக்கலாம், வியட்நாம்காரராக இருக்கலாம். மைனிக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ‘பேனா இருக்கா’ என்று கேட்கக்கூட இங்கிலீஷ் வேண்டும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பஸ், கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கிலீஷ். உங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது பேருக்கும் தமிழ் தெரியும். தமிழ் தெரிந்தவளிடம் போய் இங்கிலீஷ் பேசுவது நாடகம் மாதிரிதான் இருக்கும், சிரிப்பு வரும். வெளியே வந்தால் பாளை மார்க்கெட்டில் கத்தரிக்காயை இங்கிலீஷில் கேட்டால் விலையைக் கூட்டித்தான் சொல்வார்கள். மைனிக்கு ஊர் சொல்லிக்கொடுக்கிறது, உங்களுக்கு ஊர் சொல்லிக்கொடுக்காது. இதில் வயசும் இல்லை, மூளையும் இல்லை. ஆகவே நீங்கள் ஊருக்குள்ளேயே இங்கிலீஷுக்கு என்று கொஞ்சம் இடம் ஒதுக்கவேண்டும்.

உங்கள் ஊருக்கு ரயில் இருக்கிறது. அதே வகுப்பில் படித்து அதே வண்டியில் வருகிறவள் ஒருத்தி இருந்தால் அவளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவியை விட்டதும் இங்கிலீஷ், பேட்டை வந்ததும் தமிழ். பேசும் விஷயம் அன்றைய வார்டு மட்டும். யார் வந்தார், என்ன செய்தோம், என்ன தப்பு நடந்தது. ஊர்க்கதைக்கு இங்கிலீஷ் வேண்டாம், அதில் ருசி இருக்காது. ஆள் கிடைக்காவிட்டால் போனில் உங்கள் குரலையே பதிந்து கேளுங்கள். முதல் நாள் கேட்கச் சகிக்காது. பரவாயில்லை.

வகுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசைமேல் ஒரு உண்டியல் வைத்தேன். தமிழில் ஒரு சொல் பேசினால் பத்து பைசா. ஒரு மாதத்தில் உண்டியல் நிறையவில்லை, வகுப்புத்தான் ஊமையாகிப்போனது. இருந்த காசுக்கு எல்லோருமாகச் சுக்குக் காபி குடித்துவிட்டு உண்டியலை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். அதன்பிறகு என் வகுப்பில் யோசிப்பதற்குத் தமிழ், சொல்வதற்கு இங்கிலீஷ். இரண்டு பேர் தமிழில் கூடிப் பேசி, என்ன சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, எழுந்து இங்கிலீஷில் சொல்வார்கள். உங்கள் ஆசிரியரிடம் இதைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: வார்டை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். 1979-ல் தொடங்கி, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஐந்து வருஷம் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர் திட்டம் என்பார்கள். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போகலாம் என்று கேட்பது, வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது, இப்படிப் புதிர் புதிராக வேலை. பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்க, மொழி பக்கவாட்டில் உள்ளே போனது. உங்களுக்கு அட்டவணைக்குப் பதில் கேஸ் ஷீட். பெயர் இல்லாத ஒரு கேஸ் ஷீட்டைக் கரும்பலகையில் எழுதி, இவருக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து, நேற்றைக்கு இன்று காய்ச்சல் கூடியிருக்கிறதா என்று கேட்டால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். சமுதாயக் கல்லூரி என்பதே இதற்காக வந்ததுதான். 1901-ல் அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய வகை. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரியிலும் மறுவருஷம் சென்னையிலும் வந்தது. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனவர்களுக்கு வேலையைக் கையில் கொடுப்பதுதான் நோக்கம். அந்த வேலையின் இங்கிலீஷை விட்டுவிட்டுப் பன்னிரண்டு டென்ஸ் கட்டத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மூன்று டென்ஸ் போதும் உங்களுக்கு: நடக்கிறது, நடந்தது, நடக்கும். மற்ற ஒன்பதும் பரணில் கிடக்கட்டும்.

சொல்லுக்குப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். வார்டு, டியூட்டி, ஷிஃப்ட், ஓ.பி., ட்ரிப்ஸ், ட்ரெஸ்ஸிங், பெட்பேன், டிஸ்சார்ஜ் என்று உங்களிடம் ஏற்கெனவே நூறு சொல்லுக்குமேல் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-ல் இங்கிலீஷ் படிப்பவர்களுக்கென்று மிகத் தேவையான சொற்களைப் பொறுக்கிப் பட்டியல் போட்டார். சுமார் 2,000 சொல்தான். வாசிக்கப் புத்தகம் தேடி அலையவேண்டாம், மருந்துப் பாட்டிலே பாடப்புத்தகம். ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்.’ ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்.’ ஆள் இல்லாமல் வினையில் தொடங்கும் கட்டளை வாக்கியங்கள் இவை. நோயாளிக்கு நீங்கள் சொல்லவேண்டியதும் இதே வகைதான்: ‘டேக் எ டீப் பிரெத்’, ‘டர்ன் டு யுவர் லெஃப்ட்’. முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாள் வகுப்பு: இப்படிப்பட்ட இடங்களிலிருந்து என்னிடம் வந்தவர்களின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்தில் பேசுவது, ஓட்டலில் அறை கேட்பது, மேலாளருக்கு நன்றி சொல்வது. வீரவநல்லூரிலிருந்து பாளைக்குப் போகிறவளுக்கு இதில் என்ன வேலை? சொந்தத் தேவை எதுவென்று தெரியாமல் காசு கொடுத்தால் அடுத்தவர் தேவையைத்தான் வாங்கிக்கொண்டு வருவோம்.

வயசைப் பற்றி ஒரே பேச்சு. நம் மாவட்டத்தில் யார் மேடை ஏறினாலும் கால்டுவெல் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். 1838-ல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு 23 வயசு. தமிழ் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். ‘23 எங்கே, 38 எங்கே’ என்பீர்கள், நியாயம். குழந்தைக்கு வரும் உச்சரிப்பு உங்களுக்கு அப்படியே வராது. ஆனால் ஒரு கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள உங்கள் மகளைவிட உங்களால் முடியும், ஏனென்றால் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரைத் தெரிந்தவர் நீங்கள். பீடி சுற்றக் கற்றபோது முதல் வாரம் எத்தனை பீடியைக் கடையில் கழித்துப்போட்டார்கள்? அன்று முறத்தைத் தூக்கி எறிந்தீர்களா? அதே கணக்கில் இங்கிலீஷுக்கும் கொஞ்சம் கழிவு போகும்.

மகளைத் திட்டவேண்டாம். இன்று சாயங்காலம் ‘காய்கறி’க்கும் ‘சௌகரியம்’ என்பதற்கும் அவளை இங்கிலீஷ் சொல்லச் சொல்லுங்கள். ‘வெஜிடேபிள்’, ‘கம்ஃபர்டேபிள்’ என்று இரண்டிலும் ஒரு மேசையைப் போட்டுத்தான் சொல்வாள். நம் பக்கத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். அந்தச் சொற்களில் மேசை கிடையாது. ‘வெஜ்டபிள்’, ‘கம்ஃப்டபிள்’. சொல்லிக் கொடுத்துவிட்டு, நீங்கள் சிரிக்காமல் இருங்கள்.